முகவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, இப்போது லேசர் வைத்தால் பலன் கிடைக்குமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். அக்காவுக்கு ஒன்றரை வருடத்துக்கு முன் வலது பக்கம் முகவாதம் வந்தது. மூன்று மாதம் அசைவே இல்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இப்போது சிரித்தால் வலது கண் சுருங்குகிறது, கன்னம் எப்போதும் இறுகிக் கிடக்கிறது, சாப்பிடும்போது அந்தக் கண்ணில் தண்ணீர் வடிகிறது. ஆறு மாதம் கரன்ட் வைத்துப் பார்த்தாயிற்று. இப்போது ஒரு கிளினிக்கில், லேசர் 20 சிட்டிங் எடுத்தால் முகம் பழையபடி ஆகிவிடும் என்கிறார்கள். எடுக்கலாமா?

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் தொந்தரவுகளை லேசர் சரிசெய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பழையபடி ஆகிவிடும் என்ற உறுதியை நம்பி மொத்தமாகப் பணம் கட்ட வேண்டாம். அதே சமயம் அக்காவுக்குச் செய்வதற்கு நிறைய இருக்கிறது. ஒன்றரை வருடம் கழித்துத் தொடங்கினாலும் பலன் தரக்கூடியவை அவை. முக நரம்புப் பாதிப்புக்குப் பிசியோதெரபி செய்யும் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் பணத்தையும் நம்பிக்கையையும் ஏற்கெனவே பாதி இழந்தவர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அக்காவை நான் நேரில் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்துத்தான் பேசுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு இன்னும் குணமாகவில்லை, நரம்பு இன்னும் பலவீனமாக இருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நிலைமை வேறு. நரம்பு வளர்ந்து முகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அதன் இழைகளில் பல தவறான இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

முகத்தை அசைப்பது ஏழாவது மூளை நரம்பு. மூளைத்தண்டில் புறப்பட்டு, காதுக்கு உள்ளே இருக்கும் எலும்புக்குள் ஒரு குறுகிய குழாய் வழியாக வளைந்து வளைந்து வந்து, காது மடலுக்குக் கீழே வெளிப்படுகிறது. அங்கிருந்து காதோர உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைந்து, கிளைகளாகப் பிரிந்து நெற்றி, கண், கன்னம், உதடு, கழுத்து என்று போகிறது. எலும்புக் குழாயின் மிகக் குறுகிய இடத்தில் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பெல்ஸ் பால்ஸி எனப்படும் வழக்கமான முகவாதத்தில் நரம்பு வீங்குவது இந்த எலும்புக்குள்தான். வீங்குவதற்கு இடம் இல்லாததால் நரம்பு நசுங்குகிறது.

நசுங்கல் லேசாக இருந்தால் நரம்பிழை அறுபடுவதில்லை, சேதி போவது மட்டும் தடைப்படுகிறது. வீக்கம் வடிந்ததும் சில வாரங்களில் முகம் முழுதாகத் திரும்பிவிடும். நசுங்கல் கடுமையாக இருந்தால் இழைகள் அழிந்துபோய், அடிபட்ட இடத்திலிருந்து புதிதாக வளர வேண்டும். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். காதுக்குள்ளிருந்து கண்ணுக்கும் உதட்டுக்கும் வந்துசேர மூன்று நான்கு மாதங்கள் ஆகும். அக்காவுக்கு மூன்று மாதம் அசைவே இல்லாமல் இருந்து பிறகு வரத் தொடங்கியது என்பதற்கு இதுதான் பொருள். அவருடையது கடுமையான நசுங்கல். இழைகள் புதிதாக வளர்ந்து வந்திருக்கின்றன.

அப்படி ஆயிரக்கணக்கான இழைகள் வளரும்போது எல்லாமே பழைய முகவரிக்குப் போய்ச் சேர்வதில்லை. உதட்டுக்குப் போக வேண்டிய சில கண் தசைக்குப் போகின்றன. கண்ணுக்குப் போக வேண்டிய சில கழுத்துத் தசைக்குப் போகின்றன. வீட்டில் வயரிங் மாறிப்போனால் ஹால் விளக்குக்கு சுவிட்ச் போடும்போது ஃபேனும் சேர்ந்து சுற்றுமே, அந்த மாதிரி. சிரிக்க நினைத்தால் கண் சுருங்குகிறது, கண்ணை மூடினால் வாயோரம் இழுக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போக வேண்டிய இழைகள் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டால், சாப்பிடும்போது கண்ணில் நீர் வடியும். இந்த உடனசைவுகளை மருத்துவர்கள் சின்கைனீசிஸ் என்று குறிப்பார்கள். கன்னம் இறுகிக் கிடப்பதும் இதன் ஒரு பகுதிதான். பல தசைகளுக்கு ஒரே நேரத்தில் சேதி போய்க்கொண்டே இருப்பதால் அவை ஓய்வெடுப்பதே இல்லை. கண்ணாடியில் பார்க்கும்போது கோணலாகத் தெரிவதால் பலவீனம் என்று தோன்றும். தொட்டுப் பார்த்தால் அந்தக் கன்னம் தளர்ந்திருக்காது, கெட்டியாக இருக்கும்.

இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் லேசரைப் பற்றிய கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

சரி, லேசர் என்ன செய்கிறது? பிசியோதெரபியில் வைக்கும் லேசர் வெட்டுவதற்கோ சுடுவதற்கோ உள்ளது அல்ல. 1967-இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் எலிகளின் முதுகைச் சிரைத்து, குறைந்த சக்தி கொண்ட ரூபி லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் வளர்ந்தது. பிறகு ஆறாத புண்களுக்கு அதைப் பயன்படுத்தினார். இந்தத் துறை தொடங்கியது அங்கேதான். 600 முதல் 1,000 நானோமீட்டர் வரையான சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா உறிஞ்சுகிறது. அதனால் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. உற்பத்தி கூடுகிறது, வீக்கம் குறைகிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். விலங்குகளில் நரம்பை நசுக்கிவிட்டு லேசர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில், நரம்பு வளர்ச்சிக்கு அது உதவியிருக்கிறது. ஆகவே இதை ஏமாற்று வேலை என்று நான் ஒதுக்க மாட்டேன். பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது. அந்த அறிவியல் எந்த நோயாளிக்குப் பொருந்தும் என்பதில்தான் கவனம் வேண்டும்.

மனிதர்களில் நடந்த ஆய்வுகளைப் பார்ப்போம். 2014-இல் வெளியான ஒரு ஆய்வில் பெல்ஸ் பால்ஸி வந்த 48 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் முக மசாஜும் பயிற்சியும் உண்டு. ஒரு குழுவுக்குக் கூடுதலாக அதிக சக்தி லேசர், இன்னொன்றுக்குக் குறைந்த சக்தி லேசர். பாதித்த பக்கத்தில் எட்டுப் புள்ளிகளில், வாரம் மூன்று முறை, ஆறு வாரம் வைத்தார்கள். லேசர் பெற்ற இரண்டு குழுக்களும் மற்றதை விட நன்றாகத் தேறின. அதிக சக்தி லேசர் பெற்றவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேறினார்கள். 2017-இல் துருக்கியிலிருந்து 46 பேரைக் கொண்ட இன்னொரு ஆய்வு வந்தது. அதில் 830 நானோமீட்டர் குறைந்த சக்தி லேசர். அதுவும் வாரம் மூன்று முறை, ஆறு வாரம். அங்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களை விட, பயிற்சியோடு லேசர் பெற்றவர்கள் மேலாக இருந்தார்கள்.

கிளினிக்குகளில் லேசர் நல்லது என்று எடுத்துக் காட்டப்படுவது பெரும்பாலும் இந்த மாதிரி ஆய்வுகள்தான். இவற்றை வாசிக்கும்போது இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, எண்ணிக்கை மிகச் சிறியது. ஒரு குழுவில் இருபது பேருக்கு முன்பின். இரண்டாவது, இதுதான் முக்கியம், இவை நரம்பு தேறிவரும் காலத்தில் லேசர் துணைபுரிகிறதா என்று பார்த்தவை. ஒன்றரை வருடம் கழித்துத் தவறான இணைப்போடு இறுகிப்போன முகத்தை லேசர் பிரித்துவிடுமா என்று பார்த்தவை அல்ல.

முகவாதம் தானாகவே பெரும்பாலும் தேறும் நோய் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டென்மார்க்கில் கோப்பன்ஹேகனில் 25 வருடம் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியிட்ட பெரிய தொகுப்பு ஒன்று உண்டு. அதில் பெல்ஸ் பால்ஸி உள்ளவர்கள் 1,701 பேர். எந்தச் சிகிச்சையும் இல்லாமலே அவர்களில் 71 சதவீதம் பேருக்கு முகம் முழுதாகத் திரும்பியது. 85 சதவீதம் பேருக்கு முதல் மூன்று வாரங்களுக்குள்ளேயே அசைவு எட்டிப் பார்த்தது. மீதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதங்களில் வந்தது. ஆக, முதல் சில மாதங்களில் எதைச் செய்தாலும், மூலிகை எண்ணெய் தடவினாலும், ஊசி குத்தினாலும், லேசர் வைத்தாலும், பத்தில் ஏழு பேர் எங்களுக்குக் குணமாயிற்று என்று நேர்மையாகவே சொல்வார்கள். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு லேசரில் சரியாயிற்று என்ற சாட்சியத்தை அதனால்தான் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. எதனால் சரியாயிற்று என்பதை அவரால் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

நீண்ட காலப் பாதிப்புக்கு லேசர் பற்றி ஆய்வே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. தைவானில், பெல்ஸ் பால்ஸியிலிருந்து முழுதாகத் தேறாமல் நின்றுபோனவர்களுக்கு, அக்குபங்சர் புள்ளிகளில் லேசர் வைத்து, ஒரு குழுவுக்குப் போலி லேசர் கொடுத்து ஒப்பிட்டார்கள். வாரம் மூன்று முறை, ஆறு வாரம். முறையாக வடிவமைத்த ஆய்வுதான், ஆனால் முன்னோட்டமாகச் செய்த மிகச் சிறிய ஆய்வு. அதை வைத்து ஒரு நோயாளிக்கு வாக்குக் கொடுக்க முடியாது. இன்னொன்று, 2007-இல் இஸ்ரேலில் ரோக்கைண்ட் என்ற நரம்பு அறுவை மருத்துவர் வெளியிட்டது. கைகால் நரம்புகள் அரைகுறையாக அடிபட்டு ஆறு மாதத்துக்கு மேல் ஆன 18 பேருக்கு 780 நானோமீட்டர் லேசர் வைத்துப் பார்த்தார். தசை இயக்கம் மேம்பட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எப்படி வைத்தார் என்று பாருங்கள். தொடர்ந்து 21 நாட்கள், தினமும் நரம்பின் மேல் மூன்று மணி நேரம், தண்டுவடத்தின் மேல் இரண்டு மணி நேரம். நம் ஊர் கிளினிக்கில் பத்து நிமிடம் வைக்கும் சிட்டிங்குக்கு இந்த ஆய்வை ஆதாரமாகக் காட்ட முடியாது. போதாததற்கு அது முக நரம்பும் அல்ல.

ஆழத்தையும் பார்க்க வேண்டும். அகச்சிவப்பு ஒளி தோலுக்குள் போகப் போக வேகமாகச் சிதறிக் குறைகிறது. தோலுக்கு அடியில் மேலோட்டமாக ஓடும் முகக் கிளைகளுக்கு ஓரளவு போய்ச் சேரும். நரம்பு உண்மையில் நசுங்கிய இடமோ காதுக்குள் எலும்புக்கு நடுவில் இருக்கிறது. காதுக்குப் பின்னால் லேசர் முனையை வைத்து அழுத்தினாலும் அங்கே போய்ச் சேரும் ஒளி மிகவும் சொற்பம். சக்தியைக் கூட்டினால் போதுமே என்றும் விட முடியாது. இந்தச் சிகிச்சையில் அளவு ஒரு எல்லையைத் தாண்டினால் பலன் குறைவதும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி. லேசர் ஒருவேளை நரம்பு வளர்ச்சியைத் தூண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அக்காவின் முகத்தில் வளர்ச்சி போதாததா பிரச்சினை? இல்லை. வளர்ந்து தவறாகச் சேர்ந்ததுதான் பிரச்சினை. எந்த இழை எங்கே போக வேண்டும் என்று ஒளி சொல்லித்தராது.

அப்படியானால் லேசரை நான் எப்போது ஒத்துக்கொள்வேன்? முகவாதம் வந்த புதிதில், ஸ்டீராய்டு மாத்திரை, கண் பாதுகாப்பு எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது, கூடுதல் துணையாக ஒருவர் வைக்க விரும்பினால், பணச் சுமை இல்லையென்றால், தடுக்க மாட்டேன். காதைச் சுற்றி வலி இருப்பவர்களுக்கு வலி குறைய உதவலாம். ஆனால் மாத்திரைக்குப் பதிலாக லேசர் என்று ஒருவர் சொன்னால் அது தீங்கு. முகவாதத்தில் உறுதியாக நிரூபணமான மருந்து பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைதான். 2007-இல் ஸ்காட்லாந்தில் 500-க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த ஆய்வில், 72 மணி நேரத்துக்குள் அந்த மாத்திரையைத் தொடங்கியவர்களில் 94.4 சதவீதம் பேர் ஒன்பது மாதத்தில் முழுதாகத் தேறினார்கள். மாத்திரை பெறாதவர்களில் 81.6 சதவீதம். இன்று நாள்பட்ட முகத்தோடு என்னிடம் வருபவர்களில் பலர் அந்த முதல் மூன்று நாட்களை, காற்று அடித்துவிட்டது என்று வேர் கட்டியும் எண்ணெய் போட்டும் கழித்தவர்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. இதை வாசிக்கும் ஒருவர் வீட்டில் நாளை யாருக்காவது வாய் கோணினால் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அது மூளைப் பக்கவாதமா இல்லையா என்பதையும் அன்றே பார்த்தாக வேண்டும்.

இனி அக்காவுக்கு வருவோம். முதலில் நிறுத்த வேண்டியவை. கரன்ட் வைப்பதை நிறுத்துங்கள். மின்தூண்டல் முகவாதத்துக்குப் பலன் தருகிறது என்று நல்ல ஆதாரம் எதுவும் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2011-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வும் அதையே சொன்னது. அக்காவுடையதைப் போல ஏற்கெனவே தேவைக்கு மேல் இறுகிய முகத்தில், பல தசைகளை ஒரே நேரத்தில் இழுக்க வைக்கும் கரன்ட் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அதே மாதிரி பலூன் ஊதுவது, சூயிங் கம் மெல்லுவது, கண்ணை இறுக்க மூடுவது, பல்லைக் காட்டி முழு பலத்தோடு சிரிப்பது எல்லாவற்றையும் விடச் சொல்லுங்கள். எவ்வளவு பலமாகச் செய்கிறாரோ அவ்வளவுக்கு அந்தத் தவறான இணைப்பு பழகிப்போகும்.

இதற்கு எதிர்த்திசையில் போகும் பயிற்சி ஒன்று இருக்கிறது. நரம்புத் தசை மறுபயிற்சி என்பார்கள். கண்ணாடி முன் உட்கார்ந்து, மிகச் சிறிய அசைவை, மிக மெதுவாகச் செய்வது. உதட்டோரத்தை அரிசி அளவு மட்டும் நகர்த்துவது, அப்போது கண் அசையாமல் விரிந்தே இருக்கிறதா என்று பார்ப்பது. கண் சுருங்கத் தொடங்கும் அந்த நொடியில் நிறுத்தி, தளர்த்தி, மறுபடி அதற்கும் குறைவாகச் செய்வது. உதட்டையும் கண்ணையும் தனித்தனியாக ஓட்ட மூளை கற்றுக்கொள்ள வேண்டும். இது பளு தூக்குவது மாதிரியான உடற்பயிற்சியே அல்ல. இருபது முறை வேகமாகச் செய்வதை விட, கவனத்தோடு ஐந்து முறை செய்வது மேல். இதோடு கன்னத்தைத் தளர்த்தும் மசாஜ் வேண்டும். கையை நன்றாகக் கழுவி, கட்டை விரலைக் கன்னத்துக்கு உள்ளேயும் ஆள்காட்டி விரலை வெளியேயும் வைத்து, இறுகிய கயிறு போன்ற பகுதிகளைத் தேடி, மெதுவாக அழுத்தி இழுத்து விடுவது. வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்துவிட்டுச் செய்தால் இன்னும் இளகும்.

இதற்கு ஆதாரம் உண்டா என்று நீங்கள் கேட்க வேண்டும், கேட்பது சரிதான். நெதர்லாந்தில் ஒரு முக நடிப்புக் கலைஞரும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் சேர்ந்து 1980-களில் உருவாக்கிய மைம் தெரபி என்ற முறை இந்த வகையைச் சேர்ந்தது. முகவாதம் வந்து ஒன்பது மாதத்துக்கு மேல் ஆன 50 பேரை வைத்து அதைச் சோதித்தார்கள். மூன்று மாதப் பயிற்சி பெற்றவர்களின் முகச் சமநிலை, காத்திருந்தவர்களை விட நன்றாக மேம்பட்டது. மேலே சொன்ன காக்ரேன் மதிப்பாய்வும், ஆளுக்கேற்ப அமைத்த முகப் பயிற்சி குறிப்பாக நாள்பட்டவர்களுக்கு உதவலாம் என்றது. ஆதாரத்தின் தரம் போதாது என்று சேர்த்தே சொன்னது, அதையும் நான் மறைக்கவில்லை. ஆனாலும் லேசருக்கு நாள்பட்ட முகத்தில் இருக்கும் ஆதாரத்தை விட இது மேலானது. கற்றுக்கொண்ட பிறகு வீட்டிலேயே செய்யலாம், பெரிய செலவும் இல்லை.

இரண்டாவது வழி, போடாக்ஸ் எனப்படும் போட்டுலினம் ஊசி. போடாக்ஸ் என்றால் அழகுக்குப் போடுவது என்று நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். சின்கைனீசிஸுக்கு இது முக்கியமான மருத்துவச் சிகிச்சை. தேவையில்லாமல் இழுக்கும் கண்ணைச் சுற்றிய தசை, மோவாய்த் தசை, கழுத்துப் பட்டைத் தசை ஆகியவற்றில் சிறு அளவில் போட்டால் அவை தளர்கின்றன. கண் சுருங்குவது குறைகிறது. எதிர்த்து இழுக்கும் தசைகள் விலகுவதால் சிரிப்பும் கொஞ்சம் மேலே எழும்புகிறது. சாப்பிடும்போது நீர் வடிவதற்கும், அனுபவம் உள்ளவர்கள் கண்ணீர்ச் சுரப்பியில் போடுவதுண்டு. பலன் மூன்று நான்கு மாதம் நிற்கும், பிறகு திரும்பப் போட வேண்டும். ஊசி வேலை செய்யும் அந்த மாதங்களில் கண்ணாடிப் பயிற்சியைச் சேர்த்துச் செய்வதுதான் இதன் சூட்சுமம். இழுப்பு குறைவாக இருக்கும்போது மூளை புதிய பழக்கத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. முகத்தின் உடற்கூறு நன்றாகத் தெரிந்த நரம்பியல், காது மூக்கு தொண்டை, பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது இமை அறுவை மருத்துவரிடம் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். அளவும் இடமும் தவறினால் உதடு தொங்கிவிடும்.

இந்த இரண்டும் சேர்ந்தால் முகம் பழையபடி ஆகிவிடுமா? முழுதாக ஆகாது. ஆனால் இறுக்கம் குறைந்து, கண் திறந்தே இருக்க, ஆள் கூச்சமில்லாமல் நாலு பேர் நடுவில் சிரிக்க முடிகிற நிலைக்கு வருகிறார்கள். போட்டோ எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் ஒருவரிடமிருந்து போவதை நான் சிறிய முன்னேற்றமாக நினைக்கவில்லை.

இதை வாசிப்பவர்களில் வேறு வகையினரும் இருப்பார்கள். மாதங்கள் பல கடந்தும் முகத்தில் அசைவே இல்லை, கன்னம் தளர்ந்து தொங்குகிறது, இறுக்கம் கிடையாது. பெரும்பாலும் விபத்தில் எலும்பு முறிந்தவர்கள், காதுக் கட்டியோ சுரப்பிக் கட்டியோ அறுவை செய்தபோது நரம்பு அறுபட்டவர்கள். இவர்கள் லேசரில் காலத்தைக் கழிப்பது அக்காவின் விஷயத்தை விடப் பல மடங்கு ஆபத்து. காரணம், நரம்பு வந்து சேராத தசை என்றென்றைக்கும் காத்திருக்காது. ஒன்றரை முதல் இரண்டு வருடத்துக்குள் அது மீள முடியாதபடி சுருங்கிப்போகும். அதற்கு முன், தசையின் மின் இயக்கத்தைப் பதிவுசெய்யும் ஈ.எம்.ஜி. பரிசோதனை செய்து தசைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்து, மெல்லும் தசைக்கான நரம்பையோ நாக்கு நரம்பையோ முக நரம்போடு இணைக்கும் அறுவை செய்ய முடியும். அந்தக் காலம் தாண்டிவிட்டால் தொடையிலிருந்து ஒரு தசையை எடுத்து முகத்தில் வைக்கும் பெரிய அறுவைதான் வழி. நெற்றிப் பொட்டுத் தசையைத் திருப்பி விடுவது இன்னொரு வழி. தொழுநோயால் கண் மூட முடியாமல் போனவர்களுக்கு அந்தத் தசையை இமையோடு இணைக்கும் அறுவையை வேலூர் பக்கத்துக் கரிகிரி போன்ற மருத்துவமனைகள் வெகு காலமாகச் செய்துவந்திருக்கின்றன. ஆகவே இது நமக்குப் புதிய வித்தை அல்ல. நுண் அறுவை செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உள்ள மருத்துவமனையில் ஒரு வருடம் முடிவதற்குள் கருத்துக் கேட்டுவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் அந்தப் பிரிவுகள் உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. பெல்ஸ் பால்ஸி என்றால் ஆறு மாதத்துக்குள் கொஞ்சமாவது அசைவு வந்தே தீரும். துளியும் வரவில்லை, அல்லது முகவாதம் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனது, அல்லது ஒரே பக்கம் திரும்பத் திரும்ப வந்தது, காதோரம் கட்டி தட்டுப்படுகிறது என்றால், அது பெல்ஸ் பால்ஸி என்ற நினைப்பையே கைவிட்டு, மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பியும் அதில் தெரிய வேண்டும். நரம்பை அழுத்தும் கட்டி உள்ளே இருக்கலாம். அப்படி ஒரு கட்டியின் மேல் மாதக்கணக்கில் லேசர் வைத்துக்கொண்டிருப்பது நடக்கவே கூடாத விஷயம். மூன்று மாதத்தில் தேற்றம் முழுமையாகவில்லை என்றாலே நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்பது வழிகாட்டு நெறிகளில் இருப்பதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டில் எல்லோரும் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்றால், சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். நோயாளிக்கும் வைப்பவருக்கும் அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சாதாரணக் கூலிங் கிளாஸ் போதாது. அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, அதனால் கண் தானாக மூடிக்கொள்ளவும் செய்யாது. முகவாதம் வந்த கண்ணோ சரியாக மூடாத கண். விழித்திரை ஒருமுறை சுட்டுப்போனால் திரும்பாது. இமைக்கு மேல் லேசர் வைக்க விடவே கூடாது. அதிக சக்தி லேசர் என்றால் தோல் நிறத்தையும் பார்க்க வேண்டும். கறுத்த தோலில் ஒளி மேலேயே அதிகம் உறிஞ்சப்பட்டு சூடேறும். எரிச்சல் தெரிந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். முகத்திலோ கழுத்திலோ புற்றுநோய் இருந்தவர்களுக்கு, புற்றுநோய்க்குப் பார்த்த மருத்துவரைக் கேட்காமல் வைக்கவே கூடாது.

பணம் கட்டும் முன் அந்தக் கிளினிக்கில் கேளுங்கள். அக்காவுக்கு இருப்பது பலவீனமா, சின்கைனீசிஸா? எந்த அளவுகோலை வைத்து இன்றைய நிலையைக் குறித்தீர்கள்? ஆறு சிட்டிங்குக்குப் பிறகு அதே அளவுகோலில் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுவீர்களா? முகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பேக்கேஜ் விலையைச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த வாரமே ஒன்று செய்யலாம். பகல் வெளிச்சத்தில், போனை முகத்துக்கு நேராக வைத்து, அக்காவை வீடியோ எடுங்கள். சும்மா இருக்கும்போது, புருவத்தைத் தூக்கும்போது, கண்ணை மெதுவாக மூடும்போது, பிறகு இறுக்கமாக மூடும்போது, லேசாகச் சிரிக்கும்போது, பல் தெரியச் சிரிக்கும்போது, உதட்டைக் குவிக்கும்போது. ஒவ்வொன்றையும் மூன்று நொடி நிறுத்திச் செய்யச் சொல்லுங்கள். முகவாதம் வருவதற்கு முந்தைய போட்டோ ஒன்றையும் எடுத்துக்கொண்டு, சின்கைனீசிஸுக்கு ஊசி போடும் மருத்துவரிடமும் முகப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டிடமும் காட்டுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் மறுபடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் தினமும் பார்ப்பவருக்குத் தெரியாத மாற்றம் அதில் தெரியும்.